அவள் சொல்லாத பேர்

கங்கையம்மாள் தன் புருஷன் பேரை வாயால் சொன்னதே கிடையாது. அவன் வீட்டில் இருந்த ஆறு வருஷமும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவன் மாகறலில் இன்னொருத்தியோடு குடித்தனம் போன பிறகு, சொன்னால் வாய் அழுகிப்போகும் என்று சொல்லவில்லை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, ஓட்டுச்சாவடி என்று எங்கே கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவளைத் திரும்பிப் பார்ப்பாள். அவள் சொல்லிவிடுவாள். ஓரிக்கை காலனியில் அந்தப் பேர் தெரியாதவர்கள் இல்லை. கொத்து மேஸ்திரி இளங்கோவன். வேலை சுத்தமாக இருக்கும், மற்றதெதுவும் சுத்தமில்லை.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று பக்கத்தில் யாரும் இல்லை. தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பொண்ணோட அப்பா பேரு?" என்றார். கங்கையம்மாள் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் குழந்தையின் தோளில் இடித்தாள்.

"நீ சொல்லுடி."

ஐந்து வயது நதியா, தெரிந்த பாட்டைக் கேட்டார்கள் என்பதுபோலக் கத்திச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். இ. நதியா. அந்த ஆள் வீட்டில் இருக்கிறானா, குழந்தைக்கு ஒரு பென்சிலாவது வாங்கிக் கொடுத்தானா என்று பதிவேட்டில் கட்டம் எதுவும் இல்லை. வெயிலில் சாந்துச் சட்டி சுமந்து அவளைப் படிக்க வைக்கப் போகிறவளின் பேரை எழுதவும் அன்றைக்கு இடமில்லை. நதியா இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். ஆனால் அந்தக் கோபம் அவளுக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. நடுவில் ஒரு பதினைந்து வருஷம் அந்தப் பேர்மேல் அவளுக்கு ஆசையாகவே இருந்தது. அதுதான் இந்தக் கதையில் கசப்பான பாகம்.

ஆசையை ஏற்றிவிட்டவர் ஒரு டேனிஷ்காரர். நேரில் அல்ல. சென்னையில் கட்டடக்கலைப் படிப்பின் முதல் வருஷம், இருட்டாக்கிய வகுப்பறையில், சிட்னித் துறைமுகத்தின் ஓரம் வெள்ளை ஓடுகளை விரித்துக்கொண்டு நிற்கும் அரங்கத்தைத் திரையில் காட்டி, "இது உட்சன்" என்றார் விரிவுரையாளர். கட்டடத்தைக் காட்டி ஆளின் பேரைச் சொன்னார். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. உட்சன் நினைத்தார், உட்சன் வரைந்தார், உட்சனின் கூரை. முன்னால் யோர்ன் என்றொரு பேர் இருப்பதே பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் தெரிந்தது. இங்கிலீஷில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

"அந்த ஊர்லயும் ஒரு காலத்துல அப்பன் பேரைத்தான் புள்ளைக்குப் பின்னாடி போட்டாங்க. அப்புறம் அதுவே குடும்பப் பேரா நின்னுடுச்சு" என்றும் விரிவுரையாளர் சொன்னார். நதியா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மனுஷர் வேலையின் பாதியில் மனம் வெறுத்து ஊரைவிட்டே போனார், திறப்புவிழா மேடையில் அவர் பேரை ஒருத்தரும் எடுக்கவில்லை, கட்டி முடித்ததைக் கண்ணால் பார்க்காமலே செத்தார் என்று கேட்டபோது மட்டும் விடுதிக்குப் போய் அழுதாள். இருக்கட்டும், அந்தக் கூரையைப் பார்க்கிற அத்தனை பேரும் இன்றைக்கு உட்சன் என்றுதானே சொல்கிறார்கள் என்று தானே தேற்றிக்கொண்டாள். ஒற்றைப் பேர். அது போதும் ஒருத்தருக்கு.

அகமதாபாத்தில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் முதலாளி எல்லாரையும் பின்பேரால்தான் கூப்பிடுவார். "இளங்கோவன், அந்தப் படத்தை எடு" என்று அவர் முதல் தடவை கூப்பிட்டபோது நதியாவுக்கு முதுகு நிமிர்ந்தது. அங்கே பின்பேரைக் கேட்பதே என்ன ஆள் என்று மோப்பம் பிடிக்கத்தான். இந்தப் பேரை மோந்து பார்த்து எவனாலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. காஞ்சிபுரத்தில் "எந்தப் பக்கம்மா வூடு?" என்று கேட்டு, ஓரிக்கை என்றதும், "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்பவர்களுக்கு மத்தியில் வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி மாளாது. வரைபடங்களின் வலது மூலையில் ஒரு கையெழுத்துப் பழகினாள். நதியா இல்லை, இனிஷியல் இல்லை. இளங்கோவன் என்று இங்கிலீஷில் ஒரே வீச்சு, கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து. அம்மாவை விட்டுவிட்டு ஓடினவன் பேர் என்ற நினைப்பு அந்த வாலை இழுக்கும்போது அவளுக்கு வந்ததே இல்லை.

அப்புறம்தான் பாவு மண்டபம் வந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதுதான் பாவு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாவு போட முடியாது, தறிகள் சும்மா கிடக்கும். ஓரிக்கை சாலையில் சொந்த இடத்தில் ஒரு கூரை போட்டுக் கொடுப்பது என்று நெசவாளர் அறக்கட்டளை ஒன்று முடிவு செய்தது. தலைவர் வேணுகோபால், பட்டு வியாபாரி, அவருடைய வீட்டிலும் ஐந்து தறி. அகமதாபாத் வேலையை விட்டு ஊரோடு வந்து தனியாகத் தொழில் தொடங்கியிருந்த நதியா கொடுத்த வரைபடத்தைப் பார்த்து அவர் அசந்துபோனார். நூற்றிருபது அடி நீளம், நடுவில் ஒரு தூண் கிடையாது, செங்கல்லை மெலிசாக வளைத்து மூன்று அலையாக ஏறி இறங்கும் கூரை. பக்கவாட்டில் வெளிச்சம் வரும், சாரல் வராது.

கட்டி முடிக்கப் பதினாலு மாசம் ஆனது. அத்தனை நாளும் கங்கையம்மாள் அங்கேதான் கிடந்தாள். சித்தாளாகச் சம்பளத்துக்கு அல்ல. ஒப்பந்தக்காரனின் ஆட்கள் கூரைக்குத் தண்ணீர் விடுவதில் ஏமாற்றுவார்கள் என்று அவளுக்கு முப்பது வருஷ அனுபவத்தில் தெரியும். வளைவின் மேல் ஈரச் சாக்கை விரித்து, ஒவ்வொரு வளைவுக்கும் இருபத்தொரு நாள், காலையும் மாலையும் தானே தண்ணீர் ஊற்றினாள். முட்டி வலியோடு ஏணி ஏறினாள்.

"ஏம்மா, நீ ஏன் ஏர்ற? நான் ஆளுங்கள வுட்டு ஊத்தச் சொல்றேன்" என்றாள் நதியா.

"அவனுங்க ஊத்துவானுங்க, நீ பாத்துக்கினு இரு. வெடிச்சிதுன்னா உன்னைத்தான் கேப்பாங்க." பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டி, தொறக்கறன்னிக்குக் கல்லுல பேரெல்லாம் போடுவாங்களே. தண்ணி ஊத்துனவ பேரப் போடுவாங்களா?"

"உன் பேரைப் போடாம யார் பேரைமா போடப் போறேன்? என் பேருக்கு முன்னாடி உன் பேருதான்."

"அய்யே, போடீ" என்றாள் கங்கையம்மாள். ஆனால் அந்த வாரமே காலனியில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டாள். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், தன் பேரை எங்கே கண்டாலும் சட்டென்று அடையாளம் தெரிந்துகொள்வாள். கல்லில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வந்துவிட்டது ஆசை.

திறப்புவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் நதியா வேணுகோபாலின் கடைக்குப் போனாள். கல்வெட்டில் எழுத வேண்டியதைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தாள்: கட்டடக்கலை, கங்கையம்மாள் நதியா. வேணுகோபால் மோர் வரவழைத்துக் கொடுத்தார், தாளைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்லு ரெடியாயிட்ச்சேம்மா. செதுக்கி, மெருகு போட்டு, உள்ள வெச்சிருக்குது. வந்து பாருங்க."

கறுப்புக் கல். மேலே மந்திரியின் பேர் பெரிதாக. அடுத்து எம்.எல்.ஏ., அடுத்து வேணுகோபால், செயலாளர் தனசேகரன், பொருளாளர், நிலம் கொடுத்தவர். எல்லாவற்றுக்கும் கீழே, கட்டடக் கலைஞர் இளங்கோவன்.

நதியா கடைசி வரியில் விரலை வைத்தாள். "இது யாருங்க?" என்றாள்.

"இன்னாம்மா இப்டி கேக்குறீங்க? நீங்கதான். பம்பாய்ப் பத்திரிகையில வந்திச்சே, அதப் பாத்துத்தான் தனசேகரன் எழுதிக் குடுத்தாரு." அவர் பத்திரிகையை எடுத்துப் போட்டார். நாலு பக்கக் கட்டுரை, பளபளவென்று கூரையின் படங்கள். முதல் வரியில் மட்டும் முழுப்பேர். அதற்கப்புறம் பத்தி பத்தியாக இளங்கோவன் நினைக்கிறார், இளங்கோவன் வளைக்கிறார், இளங்கோவனின் கூரை. அந்தக் கட்டுரை வந்த அன்று அவளே அதைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தாள்.

"அது எங்க அப்பா பேருங்க."

"தெரியும்மா. மேஸ்திரிய எனக்குத் தெரியாதா? எங்க வூட்டு மாடியே அவர் கட்டுனதுதான்." வேணுகோபாலின் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அப்பா பேரு பொண்ணுக்குப் பெருமதானே? உங்களுக்கும் அதானே பேரு?"

"என் பேரு நதியா. முன்னாடி அதையாவது செதுக்குங்க. மூணே எழுத்து."

"மூணு எழுத்துக்கும் கல்லுல எடம் வேணும்ல? கல்லு செதுக்குறவன் கும்பாபிஷேக வேலைக்குப் போயிட்டான். மந்திரி தேதி குடுத்தாச்சி." அவர் எழுந்து அலமாரியைத் திறந்து வரைபடக் கட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். நாற்பத்திரண்டு தாள். ஒவ்வொன்றாக வலது மூலையைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் அந்த ஒரே வீச்சு, அந்த நீள வால். "நாங்களா போட்டோம்? இதுல எங்கயாவது நதியான்னு இருக்குதா, நீங்களே காட்டுங்க."

அவளால் காட்ட முடியவில்லை. இந்த ஆள்மேல் கோபப்பட வழியில்லாமல் போனதே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம். எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கிறேன் என்றாள். தாராளமாகக் கொடுங்கள் என்று தாளும் பேனாவும் கொடுத்தார்கள். எழுதி முடித்துக் கீழே நதியா என்று கையெழுத்துப் போட்டாள். அதற்குள் கடைக்கு வந்துவிட்ட செயலாளர் தனசேகரன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஃபைல்ல வெக்கணும்னா பதிவுல இருக்கிற கையெழுத்து வேணும் மேடம்" என்றார் பணிவாக. அவள் அதை அடித்துவிட்டு இளங்கோவன் என்று போட்டுக் கொடுத்தாள். அந்தப் பேர் வேண்டாம் என்று அந்தப் பேரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். பத்து நாள் இருந்தது. சோறு போடும்போதும், ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து, தண்ணீர் கேட்டாள். கோழைத்தனம்தான், வேறென்ன?

விழா அன்று கங்கையம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பிறந்ததிலிருந்து காஞ்சிபுரத்துக் காற்றைக் குடித்தவளுக்கு அறுபத்திரண்டாம் வயதில் முதல் பட்டு, அரக்கு நிறம், மகள் வாங்கிக் கொடுத்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டு இளங்கோவன் உட்கார்ந்திருந்தான். தனசேகரன் தாம்பாளத்தோடு மாகறலுக்கே போய் அழைத்துவிட்டு வந்திருந்தார். கட்டடம் திறக்கிற அன்று மேஸ்திரிக்கு மரியாதை செய்வது வழக்கம். கல்லில் பேர் இருக்கிற ஆள் மேஸ்திரியாகவும் இருந்தால் விட்டுவிடுவார்களா?

மந்திரி கயிற்றை இழுத்தார், திரை விலகியது, கைதட்டினார்கள். நதியா கல்லைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். கங்கையம்மாள் எழுந்து, முன்னால் இருந்தவர்களின் தலைக்கு மேல் எட்டி, கடைசி வரியில் முதல் எழுத்தாக இருந்த 'க'வைக் கண்டுபிடித்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பிறகு உதடு அசைய எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். க, ட், ட. உதடு நின்றது. மறுபடி தொடங்கி, மெதுவாக வரி முழுக்கப் போனாள். கடைசிச் சொல்லின் முதல் எழுத்துக்கு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் இளங்கோவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்ததும் அவன் தழுதழுத்தான். "நான் கரண்டி புடிச்ச கையி. என் கைத்தெறம் என் பொண்ணு ரத்தத்துல வந்துக்கீது. என் பேரை நெலநாட்டிட்டா." ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவன் மகளைத் தத்தித் தத்தி நடக்கும் வயதில் பார்த்ததோடு சரி என்பது அங்கே யாருக்கு வேண்டும்? நதியாவையும் மேடைக்குக் கூப்பிட்டு அவன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவள் நின்றாள். மந்திரி முன்னால் ரகளை செய்தாள் என்று பேர் வாங்கப் பயம். உட்சனாக இருந்திருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போகும்போது கங்கையம்மாள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"சரி" என்றாள். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். காலனியில் நாலு பேர் வந்து, "இன்னா கங்கா, உன் பேரப் போடலையா?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்குமா அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கல்லைப் பற்றி அவள் பேசவே இல்லை. கத்தியிருந்தால், நாலு அடி அடித்திருந்தால், நதியாவுக்குத் தேவலாம் போலிருந்தது.

கட்டடம் பிரபலமாகிவிட்டது. எங்கெங்கிருந்தோ கட்டடக்கலை மாணவர்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரர்களிடம், "இளங்கோவன் போகணும், எவ்வளவு?" என்று கேட்டார்கள். அவர்கள் புத்தகத்தில் படித்தது அப்படி. இரண்டே மாசத்தில் ஊரும் அப்படிச் சொல்லப் பழகிவிட்டது. "நாளைக்கு இளங்கோவன்ல பாவு போட்டுக்கிறோம்" என்று நெசவாளர்களே பேசிக்கொண்டார்கள். ஸ்ரீ என்று தொடங்கி ஒன்பது சொல்லில் அறக்கட்டளை வைத்த பேர் ரசீதுப் புத்தகத்தோடு நின்றுபோனது.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாத மழை. காலையில் தனசேகரன் போன் செய்தார். இரண்டாவது வளைவும் மூன்றாவது வளைவும் சேர்கிற இடத்தில் சொட்டுகிறதாம், நேராகப் பாவுமேலேயே விழுகிறதாம், உடனே வர வேண்டுமாம். நதியா கிளம்பும்போது கங்கையம்மாளும் குடையை எடுத்துக்கொண்டாள்.

"நீ எதுக்குமா மழையில?"

"அந்த எடம் எனக்குத் தெரியும். மூணாவது வளைவுக்குத் தண்ணி ஊத்தறப்ப எனக்கு ரெண்டு நாள் ஜொரம். அந்த ரெண்டு நாளு அவனுங்கதான் ஊத்துனானுங்க."

மெயின் ரோட்டில் நின்று கைகாட்டினார்கள். நாலு ஆட்டோ நிற்காமல் போனது. ஐந்தாவது நின்றது. ஓட்டுகிறவன் உள்ளூர்ப் பிள்ளையில்லை, திருமுக்கூடல் பக்கத்து ஆளாம். தார்ப்பாயை விலக்காமலே, "எங்கமா?" என்றான்.

"நெசவாளர் மண்டபம்பா, இதே ரோட்டுல."

"எந்த மண்டபம்? மடத்து மண்டபமா?"

"அது இல்லப்பா. புச்சா கட்னாங்களே, பாவு போடற எடம்."

"பாவு தெருவுலதானமா போடுவாங்க? கரெக்டா சொல்லுமா, மழ பெய்யுது."

"கூர வளைஞ்சி வளைஞ்சி இருக்கும்ல, மூணு வளைவு. தூணே இருக்காது."

அவன் உதட்டைப் பிதுக்கினான். பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. குடையின் ஒரு பக்கக் கம்பி மடங்கி, தண்ணீர் கங்கையம்மாளின் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொல்லுடி."

நதியாவுக்குச் சொல்ல வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு தடவை சொன்னதற்கே இவ்வளவு, இன்னொரு தடவை சொல்ல மாட்டேன், நடந்தே போய்விடலாம் என்று வீம்பு. அம்மாவின் முட்டியைப் பற்றி அந்த நேரத்தில் அவளுக்கு நினைப்பில்லை. ஆட்டோக்காரன் கியரைப் போட்டான்.

கங்கையம்மாள் கையை நீட்டி ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள்.

"இளங்கோவன்" என்றாள்.

"அட, இளங்கோவனா! மொதல்லயே பேரச் சொல்ல வேண்டிதுதானமா?" என்றான் அவன். "ஏறுங்க, ஏறுங்க."

அவள் ஏறி உட்கார்ந்தாள். நனைந்த முந்தானையின் நுனியைப் பிழிந்து, அதால் வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். மகள் ஏறுவதற்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டாள்.